திங்கட்கிழமை நின்றுபோன செவலை: சவாரி வண்டி லாயத்தில் ஒரு தசைநோய் நிகழ்வு ஆய்வு

சவாரி வண்டி இழுத்துவந்த ஒரு கனத்த இழுவைக் குதிரை, ஒரு திங்கட்கிழமை காலை வேலை நடுவே ஓரடிகூட எடுத்துவைக்க முடியாமல் நின்றுபோனது. அந்த நிகழ்வையும், அதற்கு முந்தைய ஓராண்டில் அக்குதிரையின் உடலில் தென்பட்ட அறிகுறிகளையும், பிறகு நாங்கள் மாற்றிக்கொண்ட பராமரிப்பு முறையையும் இங்கே பதிவு செய்கிறேன். லாயத்தின் பராமரிப்புக்கும் தீவனத்துக்கும் பொறுப்பாளராக இருந்தவன் நான். தீவனப் பட்டியலை எழுதியவனும் நானே என்பதால், இதில் வரும் தவறுகளுள் பெரியவை என்னைச் சேர்ந்தவை. குதிரை வண்டித் தொழிலைப் பற்றிக் கேட்பவர்கள் பெரும்பாலும் பாரத்தையும் வெயிலையும் பற்றியே கேட்கிறார்கள். இரண்டும் நியாயமான கவலைகள்தான். ஆனால் எங்கள் குதிரைக்கு வந்த கேடு தீவனத் தொட்டியிலிருந்தும் ஓய்வு நாளிலிருந்தும் வந்தது. அக்கறையோடு செய்கிறோம் என்று நினைத்துச் செய்தவற்றிலிருந்தே வந்தது.

குதிரையும் அதன் வேலையும்

செவலை என்று நாங்கள் நிறத்தை வைத்து அழைத்த அந்தக் குதிரை, பெல்ஜியன், பெர்ஷரான் ஆகிய இரு இனங்களின் கலப்பில் பிறந்த, காயடிக்கப்பட்ட ஆண் குதிரை. அப்போது அதற்கு வயது 11. உயரம் குதிரை அளவில் 17 கை, அதாவது ஏறக்குறைய 173 சென்டிமீட்டர். எடை சுமார் 860 கிலோ. ஏறத்தாழ அதே எடையுள்ள ஒரு கறுப்புப் பெர்ஷரானுடன் ஜோடியாக, எட்டுப் பேர் அமரக்கூடிய நாற்சக்கர வண்டியை அது இழுத்துவந்தது. வாரத்தில் ஆறு நாள் வேலை, ஞாயிறு விடுமுறை. நாளொன்றுக்கு ஐந்து சுற்று. ஒரு சுற்றுக்கு 40 நிமிடம். ஒவ்வொரு சுற்றுக்குப் பின்னும் குறைந்தது 20 நிமிடம் நிழலில் தண்ணீரோடு நிறுத்தம். குணத்தில் மிகச் சாதுவான குதிரை. கூட்டத்தில் குழந்தைகள் வந்து முகத்தைத் தொட்டாலும் தலையைத் தாழ்த்தி நிற்கும்.

பாரத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. வண்டி 600 கிலோ. எட்டுப் பயணிகளும் ஓட்டுநரும் சேர்ந்து ஏறக்குறைய 630 கிலோ. ஆக மொத்தம் 1,230 கிலோ. கேட்பவருக்கு இது பெரிய எண்ணாகத் தோன்றும். ஆனால் சக்கரத்தின் மீதுள்ள பாரத்தைச் சமதளத் தார்ச்சாலையில் நகர்த்திக்கொண்டே இருக்க, அந்த எடையில் நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்கு விசை போதும். அதாவது இரண்டு குதிரைகளும் சேர்ந்து ஏறக்குறைய 25 கிலோ அளவுக்கே இழுக்கின்றன. நல்ல நிலையில் உள்ள இழுவைக் குதிரை தன் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு விசையைப் பல மணி நேரம் தாங்கும் என்பது பழைய கணக்கு. அதன்படி இவ்விரண்டும் 170 கிலோ வரை தாங்க வேண்டும். மேடு வந்தால் கணக்கு மாறும். நூறு அடிக்கு நான்கு அடி ஏறும் சாலையில் அதே வண்டிக்கு மேலும் 49 கிலோ விசை வேண்டும்; அதோடு ஒவ்வொரு குதிரையும் தன் உடலையும் மேலே தூக்க வேண்டும். எங்கள் பாதையில் அத்தகைய மேடு ஒன்றுதான், 150 மீட்டர் நீளம். அதையும் சேர்த்துப் பார்த்தாலும் பாரம் வரம்புக்குள்ளேயே இருந்தது. ஆகவே பாரத்தைக் காரணமாகக் காட்டி இந்த நிகழ்வை முடித்துவிட முடியாது.

அன்று காலை

அந்த வாரம் வெள்ளி, சனி இரு நாளும் கனமழை, சவாரி இல்லை. அடுத்தது ஞாயிறு. ஆக மூன்று நாள் செவலை தன் கொட்டடியிலேயே நின்றது. திறந்த வெளி சேறாகிவிட்டது, குளம்பு ஊறிவிடும் என்று சொல்லி வெளியே விட வேண்டாம் என்றது நான். தீவனம் மட்டும் ஒரு பிடிகூடக் குறையவில்லை. காலையில் இரண்டரை கிலோ, மாலையில் இரண்டரை கிலோ என நாளொன்றுக்கு ஐந்து கிலோ ஓட்ஸ் மூன்று நாளும் போயிற்று.

திங்கள் காலை முதல் சுற்று. புறப்பட்டு 20 நிமிடம் ஆனபோது, மேடு தொடங்கும் இடத்தில், செவலையின் பின்கால் எட்டு, அதாவது ஓரடிக்கு அது எடுத்துவைக்கும் தூரம், குறுகியதை ஓட்டுநர் கவனித்தார். வெயில் இன்னும் ஏறாத வேளையிலும் அதன் கழுத்திலும் விலாவிலும் வியர்வை வழிந்தது. துணைக்குதிரையின் உடலோ உலர்ந்திருந்தது. பத்து அடி கழித்து அது நின்றது. சாட்டையைத் தொடாமல், பயணிகளை இறக்கிவிட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, குதிரையை வண்டியோடு பிணைக்கும் இழுவார்களைக் கழற்றிவிட்டுத்தான் அவர் என்னைக் கைப்பேசியில் அழைத்தார். அவர் செய்தது அனைத்தும் சரி.

நான் சொன்னதுதான் தவறு. வியர்க்கிறது, முன்காலால் தரையைக் கீறுகிறது, நகர மறுக்கிறது என்று கேட்டவுடன் வயிற்றுவலி என்று முடிவு கட்டினேன். குதிரைக்கு வயிற்றுவலி வந்தால் மெல்ல நடத்த வேண்டும் என்பது லாயத்தில் எல்லோருக்கும் பழக்கமான பாடம். ஆகவே, மெதுவாக நடத்திக்கொண்டு வாருங்கள் என்றேன். ஏறக்குறைய நாற்பது அடி நடந்தது என்று ஓட்டுநர் பின்னர் சொன்னார். அந்த நாற்பது அடியும் ஏற்கெனவே சிதைந்துகொண்டிருந்த தசையின் மீது வைத்த அடிகள். அதன் பிறகு அது நான்கு கால்களையும் ஊன்றிய நிலையிலேயே நின்றுவிட்டது.

நான் போய்ச் சேர்ந்தபோது முதலில் செய்தது அதன் பிட்டத்தின் மீது கையை வைத்தது. வழக்கமாக அங்கே அழுத்தினால் விரல்கள் சற்று உள்ளே போகும். கையை எடுத்தால் தசை மெல்ல மேலெழும். அன்று வழவழப்பான மரப்பலகையைத் தொட்டது போலிருந்தது. இரண்டு பக்கமும் அப்படியே. மெல்ல அழுத்தியதற்கே அது முதுகைக் கீழே இறக்கி முனகியது. விலாவில் காதை வைத்தபோது குடலின் இரைச்சல் தெளிவாகக் கேட்டது. வயிற்றுவலி வந்த குதிரை போல அது தன் விலாவைத் திரும்பிப் பார்க்கவோ படுத்துப் புரளவோ முயலவில்லை. இந்த மூன்றையும் கைப்பேசியிலேயே நான் கேட்டிருக்க முடியும். பிட்டத்தை அழுத்திப் பாருங்கள் என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும்.

நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 72. இந்த எடையுள்ள குதிரைக்கு ஓய்வில் 40-ஐத் தாண்டக் கூடாது. மூச்சு நிமிடத்துக்கு 40, உடல்வெப்பம் 39.1 பாகை செல்சியஸ். சிறிது நேரத்தில் அது கால்களை அகட்டி, சிரமப்பட்டுச் சிறுநீர் கழித்தது. சாலையில் ஓடியது கடுங்காப்பி நிறம். ஓட்டுநர் உடனே வாளியை நீட்டி மீதியைப் பிடித்தார். மருத்துவர் வந்தவுடன் முதலில் பார்த்தது அந்த வாளியைத்தான்.

முதல் மூன்று நாள்

மருத்துவர் சொன்ன முதல் வார்த்தை, இனி ஓரடிகூட நடத்தக் கூடாது என்பது. உழைப்பின்போது தசைநார்கள் சிதையும்போது அவற்றுள் இருக்கும் மையோகுளோபின் என்ற சிவப்புப் புரதம் இரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தின் வழியே வெளியேறுகிறது. சிறுநீரின் நிறம் கறுப்பது அதனால்தான். உடலில் நீர்ச்சத்து குறைந்திருக்கும் வேளையில் அந்தப் புரதம் சிறுநீரகத்தையே கெடுத்துவிடும். தசைக்கேட்டில் தப்பிய குதிரை சிறுநீரகக்கேட்டில் இறந்துபோவது உண்டு. ஆகவே வலிமருந்துக்கு முன்பே திரவம் என்பது அவருடைய வரிசை. சிறுநீரகத்தைச் சுமைப்படுத்தக்கூடிய வலிநீக்கிகளை உடல் வறண்டிருக்கும்போது கொடுப்பது ஆபத்து என்று அவர் விளக்கினார். அதற்கு முந்தைய ஆண்டுகளில் மருத்துவர் வருவதற்குள் நாங்களே ஊசி போட்டுவிடும் வழக்கம் எங்கள் லாயத்தில் இருந்தது. அந்த வழக்கம் அன்றோடு நின்றது.

கழுத்துச் சிரையில் வடிகுழாய் பொருத்தி, சாலையோர மரநிழலிலேயே திரவம் ஏற்றத் தொடங்கினோம். 860 கிலோ குதிரைக்கு நூற்றுக்கு ஐந்து பங்கு நீரிழப்பு என்றாலே 43 லிட்டர் ஆகிறது. அன்று இரவுக்குள் 40 லிட்டருக்கு மேல் ஏற்றினோம். பிட்டத்தின் மீது மெல்லிய போர்வை. வலி சற்றுத் தணிந்த பிறகு, ஐந்து மணி நேரம் கழித்து, தாழ்வான சரிவுப்பலகை உள்ள, குதிரைகளை ஏற்றிச்செல்லும் வாகனத்தை அதன் மூக்குக்கு நேரே கொண்டுவந்து நிறுத்தி ஏற்றினோம். எல்லோரையும் விட அதிகப் பொறுமையோடு இருந்தது செவலைதான்.

முதல் இரவின் அச்சம் அது படுத்துவிடுமோ என்பது. இவ்வளவு எடையுள்ள குதிரை எழ முடியாமல் படுத்துவிட்டால், தன் சொந்த எடையே கீழ்ப்பக்கத் தசைகளை நசுக்கி, அவற்றுக்கான இரத்த ஓட்டத்தை அடைத்துவிடும். ஏற்கெனவே உள்ள சிதைவோடு புதிய சிதைவு சேரும். முழங்காலளவு மரத்தூள் பரப்பி, இருவர் முறைவைத்து விழித்திருந்தோம். அது படுக்கவில்லை. விடியற்காலை மூன்று மணிக்குச் சிறுநீரின் நிறம் வெளிறத் தொடங்கியதைக் கைவிளக்கில் பார்த்தபோது, உடன் இருந்த பையன் அழுதுவிட்டான்.

நின்றுபோய் ஐந்து மணி நேரத்தில் எடுத்த இரத்தத்தில் கிரியேட்டின் கைனேஸ் என்ற தசை நொதி 68,000 அலகு இருந்தது; ஆரோக்கியமான குதிரையில் இது சில நூறுதான். இந்த நொதி சிதைவு நடந்த சில மணி நேரத்தில் உச்சத்தைத் தொட்டு விரைவில் இறங்கிவிடும். ஏ.எஸ்.டி. என்ற மற்றொரு நொதி மெதுவாக ஏறி, வாரக்கணக்கில் இரத்தத்தில் நிற்கும். ஆகவே முதலாவது உயர்ந்து இரண்டாவது இயல்பாக இருந்தால் இன்று நடந்த சிதைவு என்றும், முதலாவது இறங்கி இரண்டாவது மட்டும் உயர்ந்திருந்தால் சில நாளுக்கு முன் நடந்தது என்றும் அறியலாம். செவலையிடம் அந்த முதல் இரத்தத்திலேயே ஏ.எஸ்.டி. 1,900-ஐத் தொட்டிருந்தது. ஐந்து மணி நேரத்தில் அவ்வளவு ஏறியிருக்க வாய்ப்பு குறைவு என்றார் மருத்துவர். இதற்கு முன்னும் இது நடந்திருக்கிறது, நீங்கள் பார்க்கவில்லை என்பது அதன் பொருள்.

மூன்று குறிப்பேடுகள்

எங்கள் லாயத்தில் மூன்று குறிப்பேடுகள் உண்டு. லாடம் அடிப்பவர் ஆறு வாரத்துக்கு ஒருமுறை வந்து எழுதுவது ஒன்று. சேணமும் வார்களும் பார்ப்பவர் எழுதுவது ஒன்று. ஓட்டுநர்கள் நாள்தோறும் எழுதுவது ஒன்று. மூன்றும் மூன்று ஆணிகளில் தொங்கின. முதல் வாரம் முடிந்த ஒரு மாலையில் மூன்றையும் ஒரே மேசையில் விரித்து, ஓராண்டுக்குப் பின்னோக்கி, செவலையின் பெயர் வரும் இடங்களை மட்டும் ஒரு தாளில் தேதிவாரியாக எடுத்தெழுதினேன்.

லாடம் அடிப்பவரின் ஏட்டில், பத்து மாதங்களுக்கு முன்பிருந்தே, பின்கால் கொடுக்க மறுக்கிறது என்ற குறிப்பு இருந்தது. அதற்கடுத்த முறை, இடது பின்காலைத் தூக்கினால் நடுங்கி இழுத்துக்கொள்கிறது. அதற்கடுத்த முறை, சண்டித்தனம், இருவர் பிடிக்க வேண்டும். சாதுவான குதிரைக்குத் திடீரென்று ஏன் சண்டித்தனம் வந்தது என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. பின்காலை மடக்கி உயர்த்திப் பிடிக்கும்போது தொடை, பிட்டத் தசைகள் சுருங்கிய நிலையிலேயே நிற்க வேண்டியிருக்கிறது. வலிக்கும் தசை அதைத் தாங்காது.

சேணம் பார்ப்பவரின் ஏட்டில் எட்டு மாதங்களுக்கு முன்பு, காலர் தளர்வாக இருக்கிறது, கூடுதல் திணிப்பு வைத்தேன் என்று இருந்தது. இரண்டு மாதம் கழித்து, இடது தோளில் புண், மருந்து போட்டு நான்கு நாள் ஓய்வு. பிறகு மீண்டும் திணிப்பு, மீண்டும் புண். இழுவைக் குதிரையின் விசை முழுவதும் தோளில் அமரும் காலரின் வழியேதான் வண்டிக்குப் போகிறது. காலர் தளர்ந்தால் அது ஒவ்வொரு எட்டுக்கும் முன்னும் பின்னும் உருண்டு தோலைத் தேய்க்கும். காலர் பெரிதாகவில்லை, குதிரையின் கழுத்தும் தோளும்தான் வற்றியிருந்தன. முதுகுத்தண்டின் இருபுறமும், பிட்டத்திலும் தசை கரைந்துகொண்டிருந்ததை, கொழுப்பால் உருண்டிருந்த வயிறு எங்கள் கண்ணிலிருந்து மறைத்தது. புண்ணுக்கு மருந்து போட்டோம். தசை ஏன் வற்றியது என்று பார்க்கவில்லை. போதாக்குறைக்கு, புண் ஆற ஓய்வென்று அந்த நான்கு நாளும் கொட்டடியில் கட்டினோம்.

ஓட்டுநரின் ஏட்டில் ஒரே குறிப்பு பல முறை: புறப்படும்போது சோம்பல், பிறகு சரியாகிவிட்டது. அந்தத் தேதிகளுக்கு எதிரே கிழமையை எழுதிப் பார்த்தேன். பதினான்கு குறிப்புகளில் பதினொன்று திங்கட்கிழமை. மீதி மூன்றும் தோள் புண்ணுக்காகவோ மழைக்காகவோ விடுப்பில் இருந்து திரும்பிய நாள்கள்.

நான்காவதாக ஒரு தாள் இருந்தது. அது என் தீவனப் பட்டியல். ஏழு மாதங்களுக்கு முன், குதிரை சோம்பலாக இருக்கிறது என்று சொல்லி, ஓட்ஸை மூன்றரை கிலோவிலிருந்து ஐந்து கிலோவாக உயர்த்தியிருந்தேன். ஓட்டுநரின் ஏட்டில் சோம்பல் என்ற சொல் அடிக்கடி வரத் தொடங்குவது அந்த வாரத்துக்குப் பிறகுதான்.

நோய் என்ன

வண்டிகளையும் ஏர்களையும் குதிரைகளே இழுத்த காலத்தில் இதற்குத் திங்கட்கிழமை நோய் என்றே பெயர். ஞாயிறு முழுவதும் லாயத்தில் கட்டி, வேலை நாளின் தீவனத்தையே கொடுத்த குதிரைகள், மறுநாள் வேலை தொடங்கிய சிறிது நேரத்தில் இப்படி நின்றுபோயின அல்லது விழுந்தன. தசை சர்க்கரையைச் சேமித்துவைக்கும் வடிவமான கிளைகோஜன் அளவு மீறிச் சேர்வதோடு இதைத் தொடர்புபடுத்தி 1930-களிலேயே சுவீடனில் கார்ல்ஸ்ட்ரோம் என்ற ஆய்வாளர் எழுதினார். இழுவை இனங்களில் இதன் பின்னால் இருக்கும் முக்கியமான பரம்பரைக் காரணம் பாலிசாக்கரைடு சேமிப்புத் தசைநோய், சுருக்கமாக பி.எஸ்.எஸ்.எம். முதலில் 1992-இல் குவார்ட்டர் ஹார்ஸ் இனத்தில் விவரிக்கப்பட்ட இந்நோயின் முதல் வகைக்கு, ஜி.ஒய்.எஸ்.1 என்ற மரபணுவில் உள்ள ஒரே ஒரு மாற்றம் காரணம் என்பது 2008-இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது. பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும், நோய் வெளிப்படலாம். பெல்ஜியன், பெர்ஷரான் இனங்களில் இது மிகப் பரவலாகவும், ஷயர், கிளைட்ஸ்டேல் இனங்களில் அரிதாகவும் உள்ளது. பிடரிமயிரை வேரோடு பறித்து அனுப்பினால் ஆய்வகம் சொல்லிவிடும். செவலைக்கு அந்த மாறிய மரபணுவின் ஒரு பிரதி இருப்பது உறுதியானது.

இந்த மாற்றம் உள்ள குதிரையின் தசையில், சர்க்கரையைக் கோத்துக் கிளைகோஜனாகச் சேமிக்கும் நொதி அடங்காமல் வேலை செய்துகொண்டே இருக்கிறது. மாவுச்சத்து மிகுந்த தீவனம் இன்சுலினை உயர்த்த, இன்சுலின் சர்க்கரையைத் தசைக்குள் தள்ள, தசை அதை மேலும் மேலும் அடுக்கிவைக்கிறது. ஆனால் வேலை தொடங்கும்போது அந்தச் சேமிப்பைச் சரிவரச் செலவழிக்க முடிவதில்லை. இன்சுலின் உயர்ந்திருப்பதால் கொழுப்பும் எரிபொருளாக வந்து சேர்வதில்லை. குதிர் நிறைய நெல் இருந்தும் உலை வைக்க அரிசி இல்லாத வீடு போல, தசைநார் ஆற்றலின்றித் தவிக்கிறது. சுருங்கிய நாரை மீண்டும் தளர்த்தவும் ஆற்றல் வேண்டும்; அது கிடைக்காதபோது நார் இறுகியபடியே நின்று, சிதைகிறது. குறைந்த தீவனத்தில் நாள்தோறும் கடுமையாக உழைத்த முற்காலக் குதிரைகளுக்கு இந்த மாற்றம் நன்மையாகவே இருந்திருக்கலாம் என்று கருதப்படுகிறது. அந்தக் குதிரையைக் கட்டிவைத்துத் தானியம் கொடுத்தால்தான் அது நஞ்சாகிறது.

தீவனமும் நடையும்

ஓட்ஸின் எடையில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் மாவுச்சத்து. அப்படியானால் நான் ஒரு வேளைக்குக் கொடுத்த இரண்டரை கிலோவில் ஒரு கிலோவுக்கும் அதிகமான மாவுச்சத்து இருந்தது. உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு கிராமுக்கு மேல். நலமான குதிரைக்கே ஒரு வேளைக்கு அதுதான் மேல்வரம்பு என்று இப்போது அறிவுறுத்தப்படுகிறது.

ஓட்ஸை முதல் நாளே நிறுத்தினோம். அந்த ஐந்து கிலோ கொடுத்த ஆற்றல் ஏறக்குறைய 14 மெகாகலோரி. அதை வேறு வழியில் ஈடுகட்டாவிட்டால் உழைக்கும் குதிரை உருகிவிடும். உலர்புல்லை 12 கிலோவிலிருந்து 17 கிலோவாக உயர்த்தினோம். அது உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு. கூடுதலான ஐந்து கிலோ புல் ஒன்பதரை மெகாகலோரி வரை தருகிறது. எஞ்சியதற்குத் தாவர எண்ணெய்: நாளுக்கு 50 மில்லியில் தொடங்கி, ஐந்து வாரத்தில் அரை லிட்டர். அதற்கு மேல் ஒரே மூச்சில் ஏற்றினால் சாணம் இளகிவிடும், தீவனத்தையும் ஒதுக்கும். கொழுப்பைக் கூட்டும்போது வைட்டமின் ஈ-யும் கூட்ட வேண்டும் என்பதால் அதையும் மருத்துவர் அளவிட்டுக் கொடுத்தார். புல்லையும் ஆய்வுக்கு அனுப்பினோம். சர்க்கரையும் மாவுச்சத்தும் சேர்ந்து நூற்றுக்கு 12-க்கு மேல் இருந்த ஒரு கட்டுப் புல்லை, ஒரு மணி நேரம் நீரில் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டுக் கொடுத்தோம். தசை எண்ணெய்க்குப் பழக மாதங்கள் ஆகும். பத்து நாளில் பலன் தெரியவில்லை என்று பழைய தீவனத்துக்குத் திரும்புவதுதான் பலர் செய்யும் பிழை.

நடை அதைவிட முக்கியம். இது எனக்கு மிகக் கடினமாக இருந்த பாடம். நோயுற்ற விலங்கைக் கட்டிவைத்து ஓய்வு கொடுப்பதே பரிவு என்று பழகிய மனம் என்னுடையது. ஆனால் 48 மணி நேரத்துக்கு மேல் கொட்டடியில் வைக்கக் கூடாது என்று மருத்துவர் உறுதியாகச் சொன்னார். மூன்றாம் நாள், தானாகவே நான்கு அடி எடுத்துவைத்ததும், சிறிய திறந்த அடைப்பில் விட்டோம். இரண்டு வாரம் அங்கேயே அது விரும்பியபடி நடந்தது. பிறகு நீள்வாரில் பிடித்து நாளுக்கு நான்கு நிமிட நடை. ஒவ்வொரு நாளும் இரண்டு நிமிடம் கூட்டினோம். நாலு வாரம் கழித்து ஒரு மணி நேரத்தைத் தொட்டது. வாரம் ஏழு நாளும் இது நடந்தது. ஞாயிறு உட்பட.

காலர் விஷயத்தில் சேணக்காரரும் நானும் புதிய ஒழுங்கு வகுத்தோம். காலரின் அடிப்பகுதிக்கும் மூச்சுக்குழாய்க்கும் நடுவே தட்டையான நான்கு விரல் நுழைய வேண்டும். பக்கங்களில் ஒரு விரல். இழுவார் பூட்டும் புள்ளி தோள் மூட்டு முனைக்குச் சற்று மேலே அமர வேண்டும். இதை மாதம் ஒருமுறை, இழுக்கும் நிலையில் வைத்தே அளக்கிறோம். செவலைக்கு அளவு குறைந்த காலர் ஒன்று வாங்கினோம். மூன்றாம் மாதம் அது இறுக்கமாகிவிட்டது. தசை திரும்புகிறது என்பதை எந்த ஆய்வகத் தாளையும் விட அந்த இறுக்கமே எங்களுக்கு முதலில் சொன்னது.

மற்றக் குதிரைகளும் ஒரு பின்னடைவும்

எங்களிடம் இருந்த ஏழு இழுவை இனக் குதிரைகளையும் சோதித்ததில், செவலையைச் சேர்த்து மூன்றுக்கு அந்த மரபணு மாற்றம் இருந்தது. மற்ற இரண்டும் வெளிப்பார்வைக்கு முழு நலமாகவே இருந்தன. அவற்றுக்கும் தானியத்தை நிறுத்தினோம். மாற்றம் இல்லாத நான்குக்கும் ஓய்வு நாளில் தானியம் பாதியாகக் குறைக்கப்படுகிறது. எந்தக் குதிரையும் ஓய்வு நாளில் கொட்டடியில் நாள் முழுவதும் நிற்பதில்லை. மழையில் அடைப்பு சேறானால், கூரையின் கீழுள்ள வண்டிப் பாதையில் காலை அரை மணி, மாலை அரை மணி நடத்துகிறோம். சேற்றால் குளம்புக்கு வரும் கேட்டைச் சரிசெய்துவிடலாம். நியூயார்க் நகரத்தின் வண்டிக் குதிரை விதி ஆண்டுக்கு ஐந்து வார விடுப்பைக் கட்டாயமாக்கும்போது, அந்த விடுப்பு நாள்தோறும் திறந்த வெளிக்கு வழியுள்ள இடத்தில் இருக்க வேண்டும் என்றும் சேர்த்தே சொல்கிறது. அந்த இரண்டாம் பகுதி இல்லாத விடுப்பு என்ன செய்யும் என்பதை நான் கண்ணால் பார்த்தவன்.

வெப்பம், தண்ணீர் பற்றிய நடைமுறைகள் முன்பே ஓரளவு ஒழுங்காக இருந்ததால் அதிகம் மாறவில்லை. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் நாடித்துடிப்பு எண்ணுகிறோம். பத்து நிமிடத்தில் 60-க்குக் கீழே இறங்காத குதிரை அடுத்த சுற்றுக்குப் போவதில்லை. அதோடு இப்போது ஒரு கைவேலை சேர்ந்திருக்கிறது: காலையில் சேணம் பூட்டும் முன் பிட்டத்தை இருபுறமும் உள்ளங்கையால் அழுத்திப் பார்ப்பது.

நான்காம் மாதத்தில் ஒரு பின்னடைவு ஏற்பட்டது. நடத்தும் பொறுப்பில் இருந்தவர் விடுப்பில் போக, மாற்று ஆளுக்கு நான் தெளிவாகச் சொல்லாததால், செவலை இரண்டு நாள் கொட்டடியிலேயே நின்றது. மூன்றாம் நாள் நடையில் பின்கால் எட்டு குறுகியது. ஓட்டுநர் அக்கணமே நிறுத்தி, நின்ற இடத்திலேயே பிட்டத்தை அழுத்திப் பார்த்துவிட்டு அழைத்தார். சிறுநீர் நிறம் மாறவில்லை. கிரியேட்டின் கைனேஸ் 1,900. இரண்டு நாளில் மீண்டுவிட்டது. தானியம் ஒரு மணிகூட இல்லாமல், நடை நின்றதால் மட்டுமே இது நேர்ந்தது. அதன் பிறகு, நடை கொடுத்தவரின் கையொப்பம் இல்லாமல் அன்றைய பக்கம் மூடப்படுவதில்லை.

ஐந்தரை மாதத்தில், காலியான வண்டியோடு கறுப்புக் குதிரையின் பக்கத்தில் மீண்டும் பூட்டினோம். ஆறாம் மாத முடிவில் பயணிகளோடு. இப்போது நாளுக்கு மூன்று சுற்று இழுக்கிறது. முதல் சுற்றுக்கு முன் பதினைந்து நிமிடம் வெறும் நடை. மேடுள்ள பாதை முதல் சுற்றில் கிடையாது. வேலை செய்து ஐந்து மணி நேரம் கழித்து எடுத்த கடைசி இரத்தத்தில் கிரியேட்டின் கைனேஸ் 310. குறிப்பேடுகள் மூன்றும் ஒன்றாகி, குதிரைக்கு ஒரு ஏடு என்று மாறிவிட்டன. லாடக்காரர், சேணக்காரர், ஓட்டுநர் மூவரும் அதே பக்கத்தில், ஒருவர் எழுதியதன் கீழே மற்றவர் எழுதுகிறார்கள். செவலையின் ஏட்டில் சென்ற லாட நாளன்று லாடக்காரர் எழுதியிருப்பது: பின்கால் இரண்டும் தானே கொடுத்தது, ஒருவரே பிடித்தார்.